பொருளா, அருளா? கிறிஸ்துமஸ் பரிசுக்கு தாமிரபரணிக் கரை வைத்திருக்கும் கணக்கு

டிசம்பர் மூன்றாவது வாரம் எழும்பூர் ரயில் நிலையத்தில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறுபவர்களின் கைகளைப் பார்த்தாலே பண்டிகை தெரிந்துவிடும். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் கேக் டப்பா, ஜவுளிக்கடைப் பை, தம்பிக்கு ப்ளூடூத் ஹெட்செட், அம்மாவுக்கு மிக்ஸி. காலையில் திருநெல்வேலியில் இறங்கி, செங்கோட்டை போகும் ரயிலுக்கு மாறி, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் தாண்டி கல்லிடைக்குறிச்சியில் கால் வைக்கும்போது அந்த மாதச் சம்பளத்தில் பாதி காலி.

வீட்டுக்குள் நுழைந்ததும் வரும் முதல் கேள்வி பல வீடுகளிலும் ஒன்றுதான். “எதுக்குல இவ்ளோ செலவு? நீ வந்தா போதாதா?”

அன்று மாலை ஆலயத்துக்குப் போனால் அங்கே வேறொரு குரல்: “பொருள் அழியும். அன்பு, சமாதானம், ஜெபம், இவைதான் உண்மையான பரிசு.” போனைத் திறந்தால் மூன்றாவது குரல்: “கடைசி நாள் ஆஃபர், 60 சதவீதம் தள்ளுபடி.”

இந்த மூன்று குரல்களில் எதைக் கேட்பது? பொருளாகக் கொடுப்பது உயர்வா, ஆவிக்குரிய பரிசு உயர்வா? கேள்வி உலகம் முழுக்க ஒவ்வொரு டிசம்பரிலும் வருவதுதான். ஆனால் சுமார் 240 வருடங்களுக்கு மேலாகக் கிறிஸ்தவ சபை இருந்துவரும் நெல்லை மண்ணில் இதற்குச் சொந்தமாக ஒரு விடை இருக்கிறது. அது பிரசங்கத்தில் இருப்பதைவிட அரிசிப் பானையிலும் ஏலத்திலும் கிணற்றிலும்தான் அதிகம் இருக்கிறது.

‘பரிசு’ என்பது ஒரே சொல் இல்லை

ஆங்கிலத்தில் ‘கிஃப்ட்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். தமிழில் அப்படி இல்லை. ஜெயித்தவருக்குக் கொடுப்பது பரிசு. கடவுளுக்கு வைப்பது காணிக்கை. ஊருக்குச் செய்வது கொடை. மகள் வீட்டுக்கு அனுப்புவது சீர். கல்யாண வீட்டில் எழுதுவது மொய். மேலிருந்து கிடைப்பது வரம்.

தமிழ் பைபிளும் இந்த வித்தியாசத்தைக் காக்கிறது. கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் குழந்தை இயேசுவின் முன் வைத்த பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் மூன்றும் காணிக்கை. பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் கடிதத்தின் 12-ம் அதிகாரத்தில் வரும் ஞானம், விசுவாசம், குணமாக்கும் ஆற்றல் போன்றவை வரங்கள். அதாவது ஆவிக்குரிய பரிசுகள்.

அந்த அதிகாரத்தில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வரம் கிடைப்பது தனிப்பட்ட பெருமைக்காக அல்ல, எல்லோருடைய பிரயோஜனத்துக்காகவும் என்கிறார் பவுல். ஆக, ஆவிக்குரிய பரிசும் வாங்கியவர் வீட்டு ஷோகேஸில் வைக்கிற சமாச்சாரம் இல்லை. அது இன்னொருவருக்குப் போய்ச் சேர வேண்டும்.

பொருளுக்கும் இதே விதியை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

பரிசு எப்போது சுமையாகிறது?

முதலில் கசப்பான பக்கம். தென் மாவட்டங்களில் ‘தலைக் கிறிஸ்துமஸ்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமான பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளைக்கு மோதிரமோ செயினோ, உடை, பலகாரம், பாத்திரம் என்று சீர் போக வேண்டும். தலைத் தீபாவளியின் கிறிஸ்தவப் பதிப்பு என்று சொல்லலாம்.

விருப்பப்பட்டு, கையில் இருப்பதைக் கொண்டு செய்தால் அது மகிழ்ச்சி. “அவங்க வீட்டுல எவ்ளோ போட்டாங்க தெரியுமா?” என்ற ஒப்பீடு வந்துவிட்டால் அது பில். கொடுப்பவர் கடன் வாங்குவார். வாங்குபவர் எடை போடுவார். 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடுப்புச் சட்டப்படி வரதட்சணை கேட்பதே குற்றம். பண்டிகைச் சீர் என்ற பெயரில் கேட்கப்படுவது மட்டும் பல வீடுகளில் சத்தமில்லாமல் கடந்து போகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இன்று தெருத்தெருவாக ஆடிவரும் கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலக் கதையே வரதட்சணையில்தான் தொடங்குகிறது. 4-ம் நூற்றாண்டில், இப்போதைய துருக்கியில் இருந்த மீரா நகரின் பிஷப் நிக்கோலஸ். மூன்று பெண்களுக்கு வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் தவித்த ஓர் அப்பாவின் வீட்டுக்குள், இரவில், ஆள் தெரியாமல் பொன் முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்கிறது அவரைப் பற்றிய மரபுக் கதை.

கவனியுங்கள்: அவர் கொடுத்தது ஜெபம் இல்லை, தங்கம். பக்கா பொருள். ஆனாலும் அதை ஆன்மிகச் செயலாக உலகம் பல நூற்றாண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறது. காரணம், வாங்கியவர் யாருக்கும் திருப்பித் தர வேண்டியிருக்கவில்லை. நன்றிக்கடன்கூட இல்லை. ஐடி அலுவலகங்களில் சீட்டுக் குலுக்கி விளையாடும் ‘கிறிஸ் மாம் – கிறிஸ் சைல்டு’ ஆட்டத்தில் பெயரை மறைத்து வைப்பதும் இந்த ரகசியக் கொடையின் தூரத்துச் சொந்தம்தான்.

சுமை இன்னொரு பக்கத்திலும் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சி என்றாலே பலருக்கும் அப்பளம்தான் நினைவுக்கு வரும். ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்பார்கள் ஊர்க்காரர்கள். வெயிலை நம்பி அப்பளம் போடும் வீடுகளுக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம் சோதனைக் காலம். மழை விடாத வாரத்தில் அப்பளம் காயாது. காயாவிட்டால் கூலி வராது. கிறிஸ்துமஸ் வருவதும் அந்தப் பருவத்தின் கடைசியில்தான். “பொருள் முக்கியமில்லை” என்ற வாசகம் ஊருக்கு ஃப்ளைட்டில் வரும் வீட்டில் ஒரு மாதிரி கேட்கும். அப்பளம் காயாத வீட்டில் வேறு மாதிரி கேட்கும்.

பொருளாதாரம் என்ன சொல்கிறது?

1993-ல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜோயல் வால்ட்ஃபோகல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கிறிஸ்துமஸ் பரிசுகளால் ஏற்படும் ‘வீண் இழப்பு’ பற்றியது. மாணவர்களிடம் அவர் கேட்ட கேள்வி எளிமையானது: உங்களுக்கு வந்த பரிசின் விலை என்னவாக இருக்கும்? நீங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள்?

இரண்டாவது தொகை குறைவாகவே இருந்தது. பரிசின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காணாமல் போவதாக அவர் கணக்கிட்டார். ஆயிரம் ரூபாய் சட்டை, கை மாறியதும் 700, 800 ரூபாய்ச் சட்டை ஆகிவிடுகிறது. பீரோவில் பிரிக்காமல் கிடக்கும் டின்னர் செட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இதன் மறுபக்கமும் ஆய்வில் வந்திருக்கிறது. 2008-ல் ‘சயின்ஸ்’ இதழில் எலிசபெத் டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, தனக்காகச் செலவு செய்தவர்களைவிட மற்றவர்களுக்காகச் செலவு செய்தவர்கள் அதிக மகிழ்ச்சியாக இருந்தார்கள்.

சரி, கை மாறும்போது பொருளின் மதிப்பு குறைந்துதான் ஆக வேண்டுமா? நெல்லை, தூத்துக்குடிச் சபைகளின் ஸ்தோத்திரப் பண்டிகையைப் பார்த்தவர்கள் “இல்லை” என்பார்கள். விளைந்ததில் முதல் பங்கை ஆலயத்துக்குக் கொண்டு வருவார்கள்: வாழைத்தார், பூசணி, தேங்காய், கோழி, முட்டை. அவை ஏலத்துக்கு வரும். சந்தையில் சில நூறு ரூபாய்க்குப் போகும் வாழைத்தார் இங்கே சில ஆயிரத்துக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டு போகாமல் “திரும்ப ஏலத்துல விடுங்க” என்பார். அதே தார் இரண்டாம் முறை விலை போகும்.

வால்ட்ஃபோகல் கணக்கில் கை மாறினால் மதிப்பு இறங்குகிறது. இங்கே ஏறுகிறது. வாழைத்தார் அதேதான். யாருக்காகக் கை மாறுகிறது என்பதுதான் வேறு.

ஒரு பிடி அரிசியின் கணக்கு

இந்தப் பகுதியின் பழைய காணிக்கை முறை இன்னும் எளிமையானது. உலை வைக்கும்போது, அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள் பெண்கள். பிடி அரிசி. ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும். கையில் காசு புழங்காத வீட்டிலும் அரிசிப் பானை இருந்தது. வீட்டுச் செலவில் சொல் இல்லாத பெண்ணுக்கும் அந்த ஒரு பிடியின் மேல் அதிகாரம் இருந்தது.

இப்படிச் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பழகிய மக்கள்தான் 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், இந்தியர்களின் பணம், இந்தியர்களின் உழைப்பு, இந்தியர்களின் நிர்வாகம் என்பதுதான் கொள்கை. அதுவரை இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்த திருநெல்வேலி, அப்போது கொடுக்கத் தொடங்கியது. தெலுங்கு பேசும் டோர்னக்கல் பகுதிக்கு ஆட்களை அனுப்பியது. 1912-ல் அதே டோர்னக்கலுக்கு அசரியா பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் அவர்தான். இடையில் 1905-ல், சரியாக டிசம்பர் 25 அன்று, வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் உருவானபோதும் அசரியா முன்னணியில் இருந்தார்.

பிடி அரிசிப் பழக்கம் நெல்லைக்கு மட்டும் உரியதல்ல. மிசோரம் மாநிலத்தில் ‘புஃபாய் தாம்’ என்ற பெயரில் 1910 முதல் இதே முறை இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறொரு வாசல் வழியாகவும் தெரிந்ததுதான். அங்குள்ள குலசேகரமுடையார் கோயில் அம்மனின் பெயர் அறம் வளர்த்த நாயகி. இரண்டு நாழி நெல்லை வைத்துக்கொண்டு 32 அறங்களையும் அம்பாள் வளர்த்ததாகச் சொல்லும் கதையோடு சேர்ந்த பெயர் இது. ஆலயத்தில் ஒரு பிடி அரிசி, கோயிலில் இரு நாழி நெல். கொடுப்பதற்கு நிறைய இருக்க வேண்டியதில்லை என்பதில் இரண்டும் ஒன்று சேர்கின்றன.

முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்தவர்கள்

நெல்லையில் இன்றும் புழங்கும் சில பெயர்கள் உண்மையில் பரிசுகளின் பெயர்கள்.

• கிளாரிந்தா: தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. 1778-ல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் எழுப்பிய ஆலயம் 1785-ல் பாளையங்கோட்டையில் பிரதிஷ்டை ஆனது. ஊர் அதைப் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என்றது. அவர் வெட்டிய கிணற்றுக்கும் அதே பெயர், ‘பாப்பாத்தியம்மாள் கிணறு’. ஆலயம் ஆன்மிகம், கிணறு பொருள் என்று பிரிக்க முடியுமா?

• டோனா பிரபு: ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் நெல்லையில் பணியாற்றிய காலத்தில், ஐரோப்பாவிலிருந்து பணம் அனுப்பிய பிரபு. களக்காட்டுக்கு அருகே உள்ள டோனாவூர் அவர் பெயரில்தான் நிற்கிறது.

• சாரா டக்கர்: இங்கிலாந்தில் வாழ்ந்த மாற்றுத்திறனாளிப் பெண். இந்தியாவுக்கு வந்ததே இல்லை. நெல்லைப் பெண்களின் படிப்புக்காக அங்கிருந்தே பணம் திரட்ட உழைத்தார். பாளையங்கோட்டையில் 1895 முதல் இயங்கும் சாரா டக்கர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கியது. தலைமுறை தலைமுறையாக இந்த வட்டாரத்தில் டீச்சரான, நர்ஸான, அதிகாரியான பெண்களில் எத்தனையோ பேர் அந்த வாசலைத் தாண்டியவர்கள்.

இவர்கள் மூவரும் கொடுத்தது பணம், நிலம், கட்டடம், தண்ணீர். எல்லாம் கையால் தொடக்கூடியவை. ஆனால் வாங்கியவர்களின் முகம்கூடக் கொடுத்தவர்களில் சிலருக்குத் தெரியாது.

2023 டிசம்பர்: ஆறு வைத்த பரீட்சை

இதெல்லாம் பழைய கதை என்று தோன்றினால், அண்மையில் நடந்த ஒன்று. 2023 டிசம்பர் 17, 18. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் காட்டாற்று வெள்ளமும் சேர்ந்து தாமிரபரணி கரை தாண்டியது. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்கள் மூழ்கின.

திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணும் ஜல்லியும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன. சுமார் 800 பயணிகள். ஒரு பகுதியினர் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார்கள். சுமார் 500 பேர் ரயிலிலும் நிலையத்திலுமாக மாட்டிக்கொண்டார்கள். மீட்புப் படை வந்து சேரும் வரை அவர்களுக்குச் சோறு போட்டது பக்கத்தில் உள்ள புதுக்குடி மக்கள். அவர்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்தது. இருந்ததை எடுத்து, ஊர்க் கோயிலில் வைத்துச் சமைத்துக் கொடுத்தார்கள்.

ரயிலில் இருந்தவர்கள் என்ன சாதி, என்ன மதம் என்று அந்த உலை பார்க்கவில்லை. திரும்ப அவர்களைப் பார்க்கப் போவதும் இல்லை. அந்த டிசம்பரில் இந்த ஆற்றங்கரையில் கை மாறிய பரிசுகளில் எதை ‘வெறும் பொருள்’ என்று சொல்வது?

அப்போ ஜெபம் மட்டும் போதாதா?

இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறது பைபிள். உடுக்கத் துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாதவரிடம், தேவையானதைக் கொடுக்காமல் சமாதானத்தோடே போ என்று வாழ்த்தி மட்டும் அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறது யாக்கோபின் நிருபம். ‘ஆவிக்குரிய பரிசு’ என்பது சில நேரம் பர்ஸைத் திறக்காமல் இருக்க நல்ல சாக்கு ஆகிவிடும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

அதே நேரம், பணத்தால் மட்டும் கொடுக்க முடியாதவையும் உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் செய்தது அதற்கு உதாரணம். அயர்லாந்தில் பிறந்து 1895-ல் இந்தியா வந்தவர். 1901-ல் அவரிடம் தஞ்சம் தேடி வந்த ஒரு சிறுமியில் தொடங்கி, ஆபத்திலிருந்த எத்தனையோ குழந்தைகளுக்கு வீடு கொடுத்தார். நன்கொடை கேட்டு வேண்டுகோள் விடுவதில்லை என்பது அவர் கொள்கை. ஒருமுறை கூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான். கல்லறைக்கு மேல் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்தார்கள் அவர் வளர்த்த பிள்ளைகள்.

அவர் கொடுத்தது 50 வருடங்களுக்கு மேலான தன் காலம். அதை ஆன்லைனில் ஆர்டர் போட முடியாது. ஆனால் அந்தக் காலத்துக்குள் தினமும் பால், சோறு, துணி, மருந்து என்று பொருளும் இருந்தது. ஆக, ‘பொருளா, அருளா’ என்று பிரித்துக் கேட்டதில்தான் சிக்கல். பார்க்க வேண்டியது வேறு: இந்தப் பரிசு போய்ச் சேரும் இடத்தில் சுமை இறங்குகிறதா, ஏறுகிறதா?

இந்த டிசம்பரில் என்ன செய்யலாம்?

• வீட்டில் முதலில் கேளுங்கள். “என்ன வேணும்மா?” என்றால் “ஒண்ணும் வேண்டாம்” என்றுதான் வரும். பல் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுகிறார்களா, கண்ணாடி பவர் மாற்றாமல் இருக்கிறார்களா என்று பாருங்கள். கூட்டிக்கொண்டு போங்கள். பொருளும் நேரமும் ஒன்றாகப் போய்ச் சேரும்.

• தலைக் கிறிஸ்துமஸ் மாப்பிள்ளையாக இருந்தால், “மாமா, இதெல்லாம் வேண்டாம், சாப்பாடு போதும்” என்று டிசம்பர் 1-ம் தேதியே சொல்லிவிடுங்கள். 24-ம் தேதி சொன்னால் மோதிரம் ஏற்கெனவே வாங்கியிருப்பார்கள், அதுவும் கடனில்.

• அலுவலகப் பரிசு விளையாட்டில், சேர விருப்பமில்லாத ஹவுஸ்கீப்பிங் ஊழியரையோ புதிதாகச் சேர்ந்தவரையோ வற்புறுத்தாதீர்கள். 500 ரூபாய் எல்லோருக்கும் ஒரே 500 ரூபாய் இல்லை.

• ஊரில் யாருக்காவது உதவினால் ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். நிக்கோலஸ் இரவில் போனதற்குக் காரணம் உண்டு.

• பிடி அரிசியை இன்றைய மொழியில் மாற்றலாம். மாதம் ஒரு சிறு தொகை, யாரோ ஒரு பிள்ளையின் புத்தகத்துக்கோ பஸ் பாஸுக்கோ. டிசம்பரில் மட்டும் இல்லாமல் 12 மாதமும்.

கடைசியாக ஒன்று. கிறிஸ்துமஸ் காலையில் முறுக்கு, முந்திரிக்கொத்து, கேக் வைத்த தட்டுகள் பக்கத்து வீடுகளுக்குப் போகும். வாங்கும் வீட்டில் தட்டை வெறுமனே திருப்பித் தருவதில்லை. வீட்டில் வேறொன்றும் இல்லையென்றால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் பொங்கல் வரும், ரம்ஜான் வரும். அந்த வீட்டிலிருந்து தட்டு இந்த வீட்டுக்கு வரும். “எங்க வீட்டுத் தட்டுல எவ்ளோ இருந்துச்சு, அவங்க தட்டுல எவ்ளோ இருக்கு” என்று அங்கே யாரும் எடை போடுவதில்லை. மாமியார் வீட்டுக்குப் போகும் சீர்த்தட்டையும் அப்படியே விட்டுவிட்டால், தலைக் கிறிஸ்துமஸ் கடன் பாதி குறைந்துவிடும்.